எனக்காக ஒரு ஜெபம்

அப்பாவுக்கு என்னைத் தெரியாமல் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அண்ணனைத் தெரிகிறது, அண்ணியைத் தெரிகிறது, வேதப்புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. மறதிக்கு ஓரவஞ்சனை கிடையாது என்றார் டாக்டர். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பெரிய கொள்கையெல்லாம் இல்லை. வாரம் முழுக்க டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் தோன்றும். அப்பா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இந்தத் தடவையாவது அடையாளம் கண்டுகொள்வார் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் தாராவியில் அப்பா வீட்டுக்குப் போவேன். போன வாரமும் அப்படித்தான். என்னைக் கண்டதும் லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க சிஸ்டர், உக்காருங்க. சபையில எல்லாரும் சொகமா இருக்காவளா?"

வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற சபைப் பெண்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார். "அப்பா, நான்தான்" என்றேன். மரியாதையாகச் சிரித்தார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஜெபம் பண்ணாமல் போகக் கூடாது. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எம் மவ ஒருத்தி டோம்பிவிலில இருக்கா சிஸ்டர். சபைக்கு வாறதில்ல. தெனமும் அவளப் பத்தித்தான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். நீங்களும் அவளுக்காவ ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

என் முகம்தான் அவருக்கு மறந்திருந்தது.

அண்ணி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நானும் துப்பட்டாவைப் போட்டுக் கண்ணை மூடினேன். வாய் தானாகத் திறந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய மகளை உமது கையில் கொடுக்கிறோம். ரயில் கூட்டத்தில் அவளுக்கு நிற்க ஓர் இடம் கொடும். மேலதிகாரிகளின் கண்களில் தயவு கிடைக்கச் செய்யும். வீடு வந்து சேருமட்டும் அவளோடு நடந்துவாரும்."

ஒன்றுகூட என் சொந்தச் சொல் இல்லை. நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து கல்யாணம்வரை, காலையில் அப்பா என் தலையில் கைவைத்துச் சொன்னவை. பாதியிலிருந்து அழுதுகொண்டேதான் முடித்தேன்.

அப்பா உரக்க ஆமென் சொன்னார். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"இந்த சிஸ்டருக்கு அவிய அப்பா நல்லா சொல்லிக் குடுத்திருக்காவ."