வரைபடத்தில் இல்லாத வளைவு

கண்ணுகளா, ஜூஜுவாடி பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டறையில், என் மிஷினுக்கு அருகே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் தொழில்முனைவு பற்றிப் பாடம் நடத்துபவர். சின்னப் பட்டறைகளில் புது யோசனை எப்படிப் பிறக்கிறது, பிறந்தபின் எங்கே போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. யோசனைக்குப் போக்கிடம் ஒன்று உண்டு என்றே நான் அதுவரை நினைத்ததில்லை.

எங்களுடையது ஜாப் ஒர்க். கம்பெனி வரைபடம் கொடுக்கும், அதில் உள்ளபடி செய்து அனுப்புவோம். வரைபடத்தில் தப்பு தெரிந்தாலும் அந்தத் தப்பையே சுத்தமாகச் செய்து அனுப்புவது எங்கள் பழக்கம். அப்போது ஓர் அலுமினியப் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உள்மூலை கூர்மையாக இருக்க வேண்டுமாம். அதற்குள், உலோகத்தைச் செதுக்கும் கட்டர்களில் மெல்லியதுதான் நுழையும். அது ஒடிந்துகொண்டே இருந்தது, ஒடிந்தால் பாகமும் வீண். சரக்கு தாமதமாவதால் ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றப்போவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. போனால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

"என்ன செஞ்சா ஒடியாது?" என்று மேடம் கேட்டார்.

"மூலையக் கொஞ்சம் வளைவா விட்டாப் போதும் மேடம். பெரிய கட்டர் போடலாம்."

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

பக்கத்து மிஷின்காரன் சிரித்துவிட்டான். "யோசிக்கறதுக்கெல்லாம் ஓவர்டைம் கிடையாது மேடம்."

"நீங்களே சொல்லுங்க, சொல்லலாமா?" என்றேன்.

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இங்க வந்து உக்காந்திருப்பேனா?"

படித்த ஒருவர் தெரியாது என்பதை அவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"ஏம்பா, கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? இருக்கற ஆர்டரும் போயிரும்."

"அது எப்படியும் போகுதுண்ணா. ஒண்ணு செஞ்சு காட்டிட்டுப் போகட்டுமே."

ஒடிந்து கிடந்த கட்டர்களைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

மூலையில் வளைவு விட்டு ஒன்று செய்து, முதலாளியும் நானும் கம்பெனிக்கு எடுத்துப்போனோம். இன்ஜினியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதோடு சேரும் ஜோடிப் பாகத்தில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. "மூலை எதுக்குக் கூர்மைன்னு நாங்களும் யோசிக்கல. பழைய மாடல் ட்ராயிங்க அப்படியே எடுத்துட்டோம்" என்றார். முடிவு எதுவும் சொல்லாமல் அந்தப் பாகத்தை வைத்துக்கொண்டார்.

மேடத்திடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷத்தைவிட இன்னொரு கேள்விதான் வந்தது. "உங்களுக்குச் சொல்லத் தோணலை, சரி. அவங்களுக்கு ஏன் கேக்கத் தோணலை?" இதைத் தன் வகுப்பில் மாணவர்களிடம் கேட்கப்போவதாகச் சொன்னார். விடை கிடைத்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார்.

சில வாரம் கழித்து ஆர்டரோடு புது வரைபடம் வந்தது. முதலாளி அதை மிஷின்மேல் ஒட்டிவிட்டு, எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிப்போனார். நான் போகவில்லை. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் வளைவாக வரைந்திருந்த அந்த மூலையின்மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.