சிவப்பு மையில் ஒரு ‘அபௌட்’

“…அந்த டிராஃப்ட் என்கிட்டதான் இருக்கு சார், நீங்க பயப்படாதீங்க” என்றார், டிபன் பையைத் தோளில் மாட்டியபடி.

பயப்பட வேண்டியவர் அவர்தான். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வரும் பெண் கிளார்க். தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் உத்தரவு மேனேஜர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

நான் ஹெட்கிளார்க். எங்கள் ஆபீஸ் வழக்கம் இது: கிளார்க் இங்கிலீஷில் கடிதத்துக்கு டிராஃப்ட் எழுதுவார், நான் சிவப்பு மையில் திருத்துவேன், அவர் அதன்படி டைப் செய்து ‘தயாரித்தவர்’ என்று கையெழுத்துப் போடுவார். திருத்தியவன் பெயர் எங்கும் வராது.

கடலை மடித்த தாளும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பருமாகப் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷ் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஒரு நாள் அந்த கிளார்க் ‘டிஸ்கஸ்டு த மேட்டர்’ என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு ‘அபௌட்’ செருகினேன்.

“டிஸ்கஸுக்குப் பின்னால அபௌட் வராது சார்.”

“விஷயத்தைப் பத்திப் பேசினோம்னுதானேம்மா சொல்றோம்? அந்தப் ‘பத்தி’யை முசிறி பஸ்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

செக்ஷனே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, நான் திருத்தியபடியே டைப் செய்தார்.

சில நாளில், அந்த ‘அபௌட்’டைச் சுற்றிப் போட்ட வட்டத்தோடு கடிதம் சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஒரு வரி தப்பில்லாம எழுதத் தெரியாத ஆளை எப்படிம்மா பர்மனென்ட் பண்றது?”

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளார்க் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஸாரி சார்” என்றார், அவ்வளவுதான்.

பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்ட பேச்சையெல்லாம் சேர்த்துவைத்து, ஸ்ரீரங்கத்து டீக்கடையில் எடுத்துவிட்டுப் பெயர் வாங்குகிறவன் நான். அன்று தேவைப்பட்டது ‘திருத்துனது நான்தான் சார்’ என்கிற மூன்றே சொல். அது வாயில் வரவில்லை.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பியதும் அவரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் கேட்டது, “அந்த டிராஃப்ட் ஃபைல்ல இருக்காம்மா?” என்று. அதற்குத்தான் பயப்படாதீங்க என்றார்.

நான் மேஜை டிராயரைப் பூட்டினேன்.

“மேனேஜர் இன்னும் ரூம்லதான் சார் இருக்காங்க” என்றார் மெதுவாக.

டிபன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். சிவப்பு மை மேலே தெரிய என் மேஜையில் வைத்தார். பறக்காமலிருக்க என் பேப்பர்வெயிட்டையே அதன்மேல் வைத்துவிட்டு, முசிறி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.