டிரம்முக்குள் ஒரு கதாநாயகன்

போன மாதம் என் மகளும் அவளுடைய மூன்று தோழிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தை ஆக்கிரமித்துக்கொண்டு, பள்ளிக்காக ஒரு குறும்படம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். ‘பியர் பிரஷர்’ என்று தலைப்பு. கூட இருக்கிற பிள்ளைகள் உசுப்பேற்றி ஒருவனை வேண்டாத காரியத்தில் இறக்கிவிடுவதற்கு இப்போது அப்படி ஒரு பெயர் வந்திருக்கிறது. டீ கொண்டுபோய் வைத்த என்னை மகள் நிமிர்ந்து பார்த்து, “உனக்கு இந்த மாதிரி எதுனா நடந்திருக்காப்பா?” என்று கேட்டாள். “எனக்கா? நான்தான் மத்தவங்களுக்குப் பிரஷர் குடுப்பேன்” என்று சொல்லிவிட்டு, காலித் தட்டோடு சமையலறைக்குள் நழுவினேன். நாற்பத்தைந்து வயதாகியும், பள்ளி நாளில் சுற்றிய ஒரு டிரம் எனக்குள் இன்னும் நின்றபாடில்லை.

நானும் இதே விஷயத்தைக் குறும்படமாக எடுக்கத் திட்டம் போட்டவன்தான். அப்போது அதற்குச் ‘சேர்க்கை சரியில்லை’ என்று பெயர். ஆம்பூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முஸ்லிம்கள் நடத்திய பள்ளி என்பதால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். ஊர் உலகமெல்லாம் ஞாயிறு காலை டீவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் பிதாகரஸோடு உட்கார்ந்திருப்போம். வேலூரில் பள்ளிகளுக்குள் போட்டி நடக்கப்போகிறது, பசங்களே எழுதி, பசங்களே நடித்து, பத்து நிமிஷம் வீடியோ எடுக்க வேண்டும் என்று சார் வந்து சொன்னார். கேமராவுக்கு எங்கே போவது என்று அவர் கேட்டதுதான் தாமதம், என் கை தானாக மேலே போய்விட்டது. என் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர்.

மாமாவின் கேமராவை அதுவரை நான் தொட்டதில்லை. தோளில் தூக்கி வைத்தால் ஒரு ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். அன்றைக்கு ஒரு நல்ல மனநிலையில் இருந்த மாமா, “ம், பாரு” என்று என் கண்ணை அந்தச் சின்னக் குழாயில் வைக்கவிட்டார். உள்ளே எங்கள் கடைத்தெரு கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. தினம் பார்க்கிற பிரியாணிக் கடை. அதன் வாசலில் ஒருவர் அண்டாவைக் கழுவுகிறார். அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் அதுவரை யாருமே அண்டா கழுவியதில்லை என்பதுபோல வாயைப் பிளந்து பார்த்தேன். மாமா கேமராவைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் வாயை மூடினேன்.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மாதான் இருக்கும் என்பது என் கணக்கு. ஆம்பூரில் நிக்காஹ்வுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது என்று மாமா திருத்தினார். ஆடிப்பெருக்கு முடிந்து ஒரு காலை நேரம் தருவார். அதற்குள் கதை, வசனம், இடம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

படக்குழுவில் மூன்று பேர். டைரக்டர் பாஸ்கர். அவனை யாரும் டைரக்டராக்கவில்லை. ஒருநாள் அவன் அப்பாவின் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் எதிர்த்துப் பேச முடியவில்லை. கதாநாயகன் நான். மருமகனுக்காகத்தான் மாமா கேமரா தருகிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். அதனால் எந்த நேரம் பதவி பறிபோகுமோ என்ற பயத்தில், பாஸ்கர் தும்மினால்கூட “சூப்பர்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கெட்ட நண்பனாக நடிக்க அன்வர். வகுப்பிலேயே குறைவாகப் பேசுகிறவன். அவனை ஏன் கெட்டவனாகப் போட்டாய் என்று கேட்டதற்கு, “மீச வருதுல்ல” என்றான் பாஸ்கர்.

மாமாவின் ஸ்டுடியோ பின்னறையில், ஏரியும் அன்னமும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் கதை விவாதம். கெட்ட நண்பன் கதாநாயகனைச் சிகரெட் பிடிக்கச் சொல்கிறான், அவன் மறுக்கிறான் என்றேன் நான்.

“எல்லா ஸ்கூல்காரனும் சிகரெட்டுதான்டா எடுப்பான்,” என்றான் பாஸ்கர். “நம்முது ஆம்பூர் படமா இருக்கணும். அன்வர், உங்க சாச்சா டேனரில டிரம் இருக்குதுல்ல?”

அன்வரின் சித்தப்பா தோல் பதனிடும் டேனரி வைத்திருந்தார். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுகிற பெரிய மர டிரம்கள் அங்கே உண்டு. எங்கள் கதையில் கெட்ட நண்பன் கதாநாயகனைச் சீண்டி, தைரியம் இருந்தால் டிரம்முக்குள் ஏறிக்காட்டு என்பான். கதாநாயகன் மறுப்பான். அந்த மறுப்புக்கு பாஸ்கர் இரண்டு பக்க வசனம் எழுதியிருந்தான். பெற்ற தாயின் கண்ணீர் அதில் வந்தது, பாரதத் திருநாடு வந்தது, எரிமலை இரண்டு இடத்தில் வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்வர் மெதுவாக, “இவ்ளோ ஜாஸ்தி இன்னாத்துக்கு? ‘பயமா இருக்குது, நான் வர்ல’ன்னு சொன்னா போதாதா?” என்றான்.

“ஹீரோ எங்கியாச்சும் பயமா இருக்குதுன்னு சொல்வானாடா? பேஜார் பண்ணாத.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பதவி முக்கியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை இடம் பார்க்கப் போனோம். லீவு நாள். அன்வர் முதலாளி வீட்டுப் பையன் என்பதால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். டேனரி வாசனை ஆம்பூர்க்காரனுக்குத் தெரியாது. வெளியூரில் பத்து நாள் இருந்துவிட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கும்போதுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டிரம்கள்தான். தெருவில் நடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ‘கடகட’வென்று கேட்குமே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. அறையைப் படுக்கப்போட்டு உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி. இரும்பு வளையங்கள் போட்டு, அச்சில் தூக்கி நிறுத்தி, வரிசையாக வைத்திருந்தார்கள். கோடியில் இருந்த ஒன்றை ரிப்பேருக்காக மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, கழுவி, காயவிட்டிருந்தார்கள். உருளாமல் இருக்க அடியில் மரக்கட்டை ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. வயிற்றில் ஒரு சதுர வாசல், கதவில்லாமல்.

பாஸ்கர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டான். “உள்ள போயி பாத்தாத்தான் ஃபீலிங் வரும். ஒவ்வொருத்தரா ஏறணும். அன்வர், நீதான் மொதல்ல. உங்களுதுதானே.”

“நான் ஏற மாட்டேன்.”

“ஏன்டா?”

“பயமா இருக்குது.”

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். தலைகூடக் குனியவில்லை.

“தோலு யாவாரி ஊட்டுப் புள்ளைக்கு டிரம்ம பாத்தா பயமாம். கேட்டியாடா,” என்று பாஸ்கர் என் பக்கம் திரும்பினான்.

“ஆமா, பயம்தான்,” என்றான் அன்வர்.

அதற்குமேல் பிடித்து இழுக்க அன்வரிடம் ஒன்றுமில்லை. பாஸ்கரின் கண் என்மேல் நின்றது. “நீ? இல்ல, நீயும் அவன மாதிரிதானா? சொல்லிடு, ஹீரோவ மாத்திடலாம்.”

ஏறச் சொன்னால் மறுக்கிற கதாநாயகனாக நடிக்க வந்தவன் நான். அந்தப் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள, “இதெல்லாம் ஒரு மேட்டரா” என்று கீச்சுக்குரலில் சொல்லிவிட்டு ஏறினேன்.

உள்ளே போனதும் ஒரு நிமிஷம் பயம் என்கிற சாமானே மறந்துபோயிற்று. எல்லாம் நீலம். பலகை, பலகைக்கு நடுவில் இருந்த கோடு, சுவரெல்லாம் முளைத்திருந்த முழங்கை நீள மரமுளைகள், எல்லாம். எத்தனையோ வருஷம் மருந்துத் தண்ணீர் ஊறி ஏறிய நிறம். பஸ்ஸில் போகும்போது தூரத்தில் ஏலகிரி தெரியுமே, அந்த நீலம். கிட்டே போனால் காணாமல் போகிற அந்த நிறத்தை யாரோ இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. சதுர வாசல் வழியாக ஒரு துண்டு வெயில் விழுந்து, முளைகளின் நிழலை எதிர்ச்சுவரில் நட்டிருந்தது. “டேய்” என்றேன் மெதுவாக. டிரம்மும் “டேய்” என்றது, என்னைவிட வயதானவர் குரலில். தலைக்குமேல் வளைந்து போய்த் திரும்பவும் காலடிக்கே வந்து சேர்கிற அந்தப் பலகைகளைத் தொட்டுப்பார்க்க வேண்டும்போல இருந்தது. எதிர்ச்சுவரை நோக்கி நடந்தேன்.

இதே நேரத்தில் வெளியே டைரக்டருக்கு ஒரு யோசனை. வாசல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் கேமராவுக்கு நன்றாக இருக்குமே என்று, அடியில் இருந்த கட்டையை உருவிவிட்டார்.

நான் ஒரு அடி வைத்தேன். டிரம்மும் ஒரு அடி வைத்தது. திரும்பிப் பார்த்தால் வாசல் என் தலைக்குமேல் ஏறிக்கொண்டிருக்கிறது. அறிவுள்ளவன் அங்கேயே நின்றிருப்பான். நான் ஓடினேன். நான் ஓட ஓட அது சுற்றியது, அது சுற்றச் சுற்ற நான் ஓடினேன். இதில் யார் யாரைத் துரத்தினோம் என்பது இன்றுவரை தீர்ப்பாகவில்லை. வெயில் துண்டு தலைக்குமேல் போய், காலுக்கு முன்னால் இறங்கி, மறுபடி முதுகுக்குப் பின்னால் ஏறிப் பயங்காட்டியது. முளைகளில் முட்டி இடித்தது. எதையோ கத்தினேன். இரண்டு பக்க வசனத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, எரிமலை கூட வரவில்லை. ‘அம்மா’வில் பாதியும் ‘பிள்ளையாரே’வில் பாதியும் ஒட்டிக்கொண்டு ஏதோ வந்தது. இங்கிருந்து உயிரோடு வெளியே விட்டால் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் பேண்ட்டுக்குள் ஒரு வெதுவெதுப்பு இறங்கியது. ஒன்பதாம் வகுப்பு. கதாநாயகன்.

ஒரு கணம் டிரம்மையே மறந்துவிட்டேன். பாஸ்கர் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் மனசில் நின்றது. பதவி போகட்டும், ஊரே சிரிக்கும். அதைவிட இந்த டிரம் சாயங்காலம்வரை சுற்றினால் தேவலை. பேண்ட்டாவது காயும்.

“ஓடாத. உக்காரு.”

அன்வரின் குரல். கத்தவில்லை.

“உக்காருடா. நீ நின்னா அது நிக்கும்.”

தொப்பென்று உட்கார்ந்தேன். டிரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டில்போல ஆடி, ஆடி, நின்றுவிட்டது. “இப்ப என் குரல் கேக்குற பக்கமா ஒரு அடி. மெதுவா. இன்னொண்ணு,” என்று அவன் சொல்லச் சொல்லத் தவழ்ந்தேன். வாசல் தானாக இறங்கி வந்தது. அவன் காலால் கட்டையைத் தள்ளி முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சதுரத்தில் அவன் முகம். என் முகத்தைப் பார்த்தான். வேறு எங்கும் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

“பாஸ்கர் எங்க?” என்றேன். அதுதான் முதல் கேள்வி.

“வாட்ச்மேன இட்டாரப் போய்ட்டான். எறங்கு.”

நான் இறங்கிக் கையால் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். கேட்டுப் பக்கமிருந்து பாஸ்கரின் செருப்புச் சத்தம் மட்டும் ஓடி வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அன்வர் பக்கத்துக் குழாயைத் திறந்து, தரை கழுவும் நீளமான ரப்பர் பைப்பை எடுத்து, என் இடுப்புக்குக் கீழே தண்ணீரைப் பீய்ச்சினான். பிறகுதான் நெஞ்சு, தலை.

“இன்னாடா பண்ற?” என்று கத்திக்கொண்டே வந்தான் பாஸ்கர்.

“உள்ள க்ரோம் மருந்து இருக்குது. பட்டா ஒடனே கழுவணும். இல்லன்னா தோலு உரிஞ்சிடும்.”

பாஸ்கர் தன் கைகளைப் பார்த்தான். கட்டையை உருவின கை. “டேய், எனக்கும் அடிடா. மஃப்ளரு மேலயும் பட்டிருக்கும், அடி, அடி,” என்று குதித்தான். அவனையும் நனைத்து முடித்த அன்வர், பைப்பைத் தன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். ஜும்மா தொழுகைக்காக இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா போட்டிருந்தான். அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. அத்தர் வாசனை தண்ணீரோடு ஓடிப்போயிற்று.

மூன்று பேரும் சொட்டச் சொட்டத் தெருவில் நடந்தோம். தண்ணீருக்குள் தண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு வானத்தில் நடப்பதுபோல இருந்தது.

டிரம் காட்சியை பாஸ்கர் கதையிலிருந்தே தூக்கிவிட்டான். கடைசியில் எங்கள் படமும் சிகரெட்டுப் படமாகவே ஆனது. சாக்பீஸ்தான் சிகரெட். அன்வர் அதை டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக நீட்டினான். நான் எரிமலை வசனம் பேசினேன். மாமா கல்யாண வீடியோ பழக்கதோஷத்தில் என் முகத்தைச் சுற்றி இதய வடிவத்தில் பூ தூவிவிட்டார். வேலூரில் பரிசு ஒன்றும் தரவில்லை. ஆனால் பள்ளியில் நான் கதாநாயகன்தான். டிரம்முக்குள் ஏறிச் சுற்றியவன் என்று பாஸ்கரே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏறப் பயந்தவனுக்கு ‘டிரம்மு’ என்று பெயர் வைத்ததும் அவன்தான். பத்தாம் வகுப்பு முடிகிறவரை அந்தப் பெயர் போகவில்லை. “டிரம்மு, கிரிக்கெட்டுக்கு வர்றியா?” என்றால், “வர்றேன்” என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பான். இவனுக்கு எப்படிக் கோபம் வரவில்லை என்று நான் ஆச்சரியத்தோடு பார்ப்பேன். அன்வருக்கு அவ்வளவுதான் சூடு சொரணை என்று முடிவு செய்துகொள்வேன்.

வேண்டிக்கொண்டதை மறக்கவில்லை. படம் முடிந்த மறுநாள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். சரியான நேரத்தில் தண்ணீரை அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றியது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த டிரம்முக்குள் போனவன் நான் ஒருத்தன். போகவே மாட்டேன் என்று வெளியில் நின்றவன் எதற்காகத் தலையோடு நனைந்தான் என்று, வந்ததுதான் வந்தோம், அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. தேங்காய் சரிபாதியாக உடைந்திருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன்.