ரெண்டு லென்ஸும் ஒரு மாமனாரும்

கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவனுக்குக் கடைசிப் பந்திதான் என்பது ஊரறிந்த விஷயம். ஒரே காட்சியை ரெண்டு படமாக எடுக்கிறவனுக்கு அந்தப் பந்தியிலும் கிண்டல் பரிமாறுவார்கள். கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பிழைப்பு விசேஷ வீடுகள். பைத்தியம் முப்பரிமாணப் படம். இடது கண்ணுக்கு ஒன்று, கொஞ்சம் தள்ளி நின்று வலது கண்ணுக்கு ஒன்று. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பதித்த அட்டைப் பெட்டி வழியாகப் பார்த்தால் மலையும் மரமும் முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கும்.

இந்தப் பைத்தியம் பிடித்த சக நோயாளிகளே, உங்கள் வீட்டிலும் இதை மதிக்காத ஒருவர் இருப்பார். என் வீட்டில் மாமனார். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு விவசாயி. என் மச்சினி கல்யாணத்துக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து போட்டோக்காரரை வரவழைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த மருமகன் நான் இருக்க, வெளியூர் கேமராவா? மானம் போகுமா போகாதா, நீங்களே சொல்லுங்கள்!

கால் மாத்தி நில்

ஆரம்பத்தில் பாக்கெட்டில் அடங்குகிற ஒரே ஒரு கேமரா. இடது காலில் சாய்ந்து ஒன்று, வலது காலில் சாய்ந்து ஒன்று, அவ்வளவுதான் தொழில்நுட்பம். ரிஷிவந்தியத்தில் ஒரு காதுகுத்து. குழந்தை அழுவதற்குள் எடுத்துவிட வேண்டுமே என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தேன். சீர்த்தட்டோடு வந்த ஒரு அம்மா என்னையே பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னாங்க போட்டோக்காரரே, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டீங்களா?"

பாதி ஆடு

கல்வராயன் மலையில் ஒரு சாமைக் கொல்லை. பின்னால் மடிப்பு மடிப்பாக மலை, முன்னால் ஒரு ஆடு. முதல் படத்துக்கு ஒழுங்காக நின்ற ஆடு, நான் கால் மாற்றுவதற்குள் நகர்ந்துவிட்டது. ஒரு கண்ணுக்கு ஆடு இங்கே, மறு கண்ணுக்கு அங்கே. பெட்டியில் பார்த்தால் ஆவி மாதிரி மினுக்கியது.

அடுத்த வாரம் படத்தைக் கொண்டுபோய்க் கொல்லைக்காரர் சின்னசாமியிடம் காட்டினேன். மலையைப் பார்த்து "அடேங்கப்பா" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி முகம் மாறியது: "மல சும்மா ஜோரா நிக்குதுங்க. எங்க ஆட்ட மட்டும் இன்னா பண்ணீங்க, பாதிதான் இருக்குது?"

பொருத்தம்

ஆக, ரெண்டு படமும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்கு ரெண்டு கேமரா வேண்டும். கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய கேமராவாக எடுத்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன். பெரிசு ரெண்டைப் பக்கத்தில் வைத்தால் லென்ஸுக்கும் லென்ஸுக்கும் ஒரு சாண் இடைவெளி வந்துவிடும். நம் கண்கள் அப்படியா இருக்கின்றன? இந்த வேலைக்குச் சின்னதுதான் ராஜா. அதனால் என்னிடம் இருந்த அதே மாடலில் பழசு கேட்டேன்.

அவர் எடுத்துப் போட்டதில் ஒன்று மஞ்சளடித்தது. இன்னொன்று பொத்தானை அமுக்கினால் யோசித்துத்தான் எடுத்தது. ஸூம் ஒத்துப்போகிறதா, நிறம் ஒத்துப்போகிறதா, ரெண்டும் ஒன்றாகச் சிமிட்டுகின்றனவா என்று நான் மாற்றி மாற்றிப் பார்க்க, கடைக்காரர் தலையில் கை வைத்துவிட்டார்: "பொண்ணு குடுக்கறவங்ககூட இம்மாம் பொருத்தம் பாக்க மாட்டாங்க சார்!"

மாமனார் தீர்ப்பு

கடைசியில் பொருந்திய ஒன்றை வாங்கி, ரெண்டையும் ஒரு தேக்குச் சட்டத்தில் ஜோடியாக முடுக்கி, முதலில் எடுத்தது சர்க்கரை ஆலை வாசலில் நின்ற கரும்பு டிராக்டர்களை. கரும்பில் தொங்கிய ஒவ்வொரு சோகை இலையும் தனித்தனியாக மூஞ்சிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. நானே சொல்லக்கூடாது, அப்பேர்ப்பட்ட படம்! மாமனாரிடம் ஓடினேன். பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான?" என்றார்.

விடுவேனா? வலது பக்கத்தைக் கையால் மூடி, "இப்ப?" என்றேன். "ஒரே பொக" என்றார். படங்களை இடம் மாற்றினேன். வேறு பெட்டியே கொண்டுவந்தேன். அப்போதும் இடது கண்ணுக்குப் புகைதான். அப்போதுதான் புரிந்தது. கோளாறு பெட்டியில் இல்லை, அவர் கண்ணில். அதைச் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்: "என் கண்ணு நல்லாத்தான் இருக்குது மாப்ளே, உங்க பெட்டிய மொதல்ல தொடைங்க!"

புது லென்ஸ்

மனைவியும் நானுமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். முற்றிய புரை. நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து, உள்ளே லென்ஸ் வைத்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண் நன்றாக ஆறியபின் அதே படத்தை நீட்டினேன். பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினார். சோகையை ஒதுக்குகிறாராம்! என் மனைவி சிரித்துவிட்டாள். மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்க மாப்ளை எடுத்தது, பாரு" என்றார். உளுந்தூர்பேட்டைக்காரருக்கு அப்போதே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா மாமா, ரெண்டு கேமரா மகிமைய!" என்றேன். அவர் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்: "லென்ஸ மாத்திக்கினது நானு, பேரு மட்டும் உங்களுக்கா மாப்ளே?"

சக நோயாளிகளே, கேமராவை மாற்றி மாற்றி நான் கண்ட உண்மை இதுதான்: படம் தட்டையாகத் தெரிந்தால், கடைக்குப் போகும் முன் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.