எங்கள் அறையிலும் நெட் இருந்தது

நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா ஸ்டேஷனிலிருந்து அன்றும் ஆள் யாரும் கிடைக்காமல் தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். சுற்றுலா வருபவர்களுக்கு விட நான் குத்தகைக்கு எடுத்த இரண்டு அறைகளும் ஏப்ரல் சீசனிலும் காலி. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் அவற்றை விட்டுவிட்டு மறுபடியும் வேலை தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

ரயிலில் வந்த கொழும்புத் தமிழர்களைக் கூப்பிட்டால், "நெட்ல பார்த்து ரூம் எடுத்துட்டோம்" என்றார்கள்.

"நம்ம ரூம்லயும் நெட் கட்டியிருக்கேங்க, ஒரு கொசு வராது" என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

வழியில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் செல்வத்திடம் இதைச் சொன்னேன்.

"இந்தக் குளிர்ல ஏதுண்ணே கொசு? அது கம்ப்யூட்டர் நெட்டு. வீட்லயே படம் பார்த்து ரூம் பேசிட்டுத்தான் அவங்க ரயிலே ஏறுறாங்க."

மறுநாள் காலை நுவரெலியாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளத்துக்குப் பதிலாக, என் அறைகளை அன்றே நெட்டில் போட்டுத்தரக் கடைக்காரரிடம் கேட்டேன்.