விழுந்த மரத்து இளநீர்

ஆந்திரக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் உத்தானத்தில் தென்னைக்கும் பஞ்சமில்லை, சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் பஞ்சமில்லை. ஏன் கெடுகிறது என்று கேட்டால் ஒருவர் தண்ணீர் என்பார், ஒருவர் மண் என்பார். தென்னை ஏறிப் பிழைத்த கூர்மாராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இருமுறை பஸ் ஏறிப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் உயிரோடு இருந்தான்.

"நல்ல கிட்னின்னா வேண்டாத தண்ணி, உப்பு எல்லாத்தையும் பிரிச்சு வெளிய தள்ளிடும். ஒங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் உள்ளயே தங்கிடும்மா," என்று நர்ஸ் அவன் மனைவி தவிட்டம்மாவிடம் சொல்லியிருந்தாள். "முக்கியமா இளநீர் வேணாம். அதுல இருக்கற பொட்டாசியம் ரத்தத்துல ஏறுச்சுன்னா இதயம் பட்டுனு நின்னுடும்."

கூர்மாராவ் சிரித்தான். "எனக்குச் சோறு போட்ட மரம் என்னைக் கொல்லுமா?"

அன்றிலிருந்து தவிட்டம்மா காவல்காரி ஆனாள். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தாள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு இளநீர் தூக்கி வந்தால் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். ராட்சசி என்று ஊரில் பெயர் வாங்கினாள்.

"ஒரே ஒரு மடக்கு குடுடி, பாவி!" என்று கெஞ்சுவான்.

"திட்டு மாமா, நல்லாத் திட்டு. திட்டுறதுக்காவது உயிரோட இரு."

மரத்தைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வாசற்படி ஏறவே மூச்சு வாங்குகிறவன் தென்னை எங்கே ஏறப் போகிறான்?

அப்புறம்தான் புயல் வந்தது. ஒரே ராத்திரியில் தோப்பெல்லாம் சாய்ந்தது. ரோடு முழுக்க மரம், பஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் தப்பிப்போனது. அவனுக்கு முகமும் காலும் வீங்கின. தவிட்டம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஊராரோடு சேர்ந்து கை கிழியக் கிழிய வெட்டினாள். வழி பிறந்ததும் ஆட்டோவைக் கையோடு கூட்டிக்கொண்டு, "மாமா, கெளம்பு!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

கட்டில் காலியாகக் கிடந்தது. கொல்லையில், விழுந்த தென்னையின் குலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கடியில் கிடந்த தன் பழைய அரிவாளைத் தேடி எடுத்திருக்கிறான். சுற்றிலும் வெட்டிக் குடித்த இளநீர்க் கூடுகள்.

"கோவிச்சுக்காதடி," என்றான், நாக்குக் குழற. "நான் ஏறல. அதுவா எறங்கி வந்துச்சு."

தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். பாதி வழிகூடப் போகவில்லை, அவள் மடியிலேயே அவன் நெஞ்சு நின்றுபோனது.

அவள் வெட்டித் திறந்த ரோட்டிலேயே அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.