ரோவனுக்காகக் கத்தியவள்

ஹேஸல் ரிக்பி வீட்டில் தொலைபேசியை எடுத்தால், எதிர்முனையில் இருப்பவர்கள் பெரும்பாலும், "கண்ணு, அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அப்போது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

"அம்மா இருக்காங்க. ஆனா அவங்களுக்குக் கண்ணு தெரியாது. எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க" என்பாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன குரல் அது. பள்ளியில் அதைச் சொல்லி அவளை அழவைத்தார்கள். கல்யாணம் பேச வந்த ஒருவன், விளக்கை அணைத்தால் குழந்தையோடு இருப்பதுபோல் பயமாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டானாம். பிறகு அவளும் பார்வையிழந்த அவள் அம்மா எட்னாவும் மட்டும்தான்.

வாரிங்டனில் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஹேஸல் சாண்ட்விச் கடை வைத்திருந்தாள். மேலே நாங்கள் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கேமில் வரும் மரங்களை வரைபவன் நான். எங்கள் பிழைப்பு, குழந்தைகள் படங்களின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது. படம் திரைக்கு வரும் வாரத்தில் அதன் கேமும் கடைக்கு வந்துவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தாலும் சீந்துவார் இல்லை.

எங்கள் பையன்கள் கடையில் வரிசையில் நின்று குரலைச் சுருக்கி, "ஹேஸல் பாப்பா, ரெண்டு பேக்கன் பன் குடு பாப்பா" என்பார்கள்.

"பாப்பா கை தவறி மிளகாய்ச் சாஸ் கொட்டிடும். பரவாயில்லையா?" என்பாள். சில நாள் கொட்டியும்விடுவாள்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது 'விளக்கு நரி' இரண்டாம் படம். ரோவன் என்ற சிறுவனும், வாலில் நெருப்பைச் சுமக்கும் நரியும் பனிக்காட்டில் சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்ளும் கதை. படத்தில் ரோவனாக நடித்த பையனுக்கு, எங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் குரல் உடைந்துவிட்டது. வாயைத் திறந்தால் சேவலும் தவளையும் மாறி மாறி வந்தன.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவன் கேவின். ஹேஸலைவிடப் பத்து வயது சின்னவன். எல்லாப் பெண்களையும் செல்லம் என்று கூப்பிடுபவன். பன்னுக்காக வரிசையில் நின்றவன் திடீரென்று கேட்டான்.

"செல்லம், 'ஓடு நரி, திரும்பிப் பாக்காம ஓடு'ன்னு ஒருதடவை சொல்லு."

வெண்ணெய்க் கத்தியைக் கையில் பிடித்தபடியே சொன்னாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் பெயர் கேம் அட்டைப்பெட்டியின் மேல் வராது, யாரிடமும் சொல்லவும் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். எட்னா வெகுநேரம் சிரித்தாராம். "அந்தக் குரலுக்குத்தானே உன்ன அழ வெச்சானுங்க. இப்போ பொட்டியில அடைச்சு அவனுங்க பிள்ளைங்களுக்கே விக்கப் போறாங்களா?"

வசனங்களைப் பதிவுசெய்த நாட்களில் ஹேஸல் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு மாடியேறி வந்தாள். அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதைப் பையன்கள் தாமாகவே நிறுத்தினார்கள்.

வசனம் முடிந்ததும் சாவு தொடங்கியது. படத்தில் ரோவன் சாவதில்லை. கேமில், விளையாடுகிறவன் கை தவறும் ஒவ்வொரு முறையும் சாவான். மலையிலிருந்து விழுவான், ஏரிப்பனி உடைந்து மூழ்குவான், ஓநாய்கள் அவனைக் கடிக்கும், சூனியக்காரியின் அடுப்பில் எரிவான். ஒரே அலறல் திரும்பத் திரும்ப வந்தால் சலித்துவிடுமென்று ஒவ்வொரு சாவுக்கும் பல அலறல்கள் வேண்டும் என்றான் கேவின்.

"இது விழுந்து முடிச்ச சத்தம். எனக்கு விழுந்துக்கிட்டே இருக்கற சத்தம் வேணும். திரும்பவும்."

அவள் திரும்பவும் கத்தினாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்ற எனக்குச் சத்தம் வராது. கழுத்து நரம்பு புடைப்பதும் வாய் பிளப்பதும் மட்டும் தெரியும். மூன்றாம் நாள் அவள் கைக்குட்டையை வாயில் ஒற்றிப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கேவின், தொண்டையில ரத்தம் வருதுப்பா. நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"படம் நாளைக்குன்னு நிக்காது செல்லம். எரியறது மட்டுந்தான் பாக்கி. அதை நல்லாக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு."

நல்லபடியாகவே கொடுத்தாள். அதை ஹெட்போனில் கேட்டவர்கள் கை தட்டினார்கள். அதுதான் அந்தக் குரலின் கடைசி.

குரல்நாண் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தவளைப் பார்க்கக் கேவின் பூங்கொத்தோடு வந்தான். "நல்லவேளை, ரெக்கார்டிங் எல்லாத்தையும் எடுத்து முடிச்சிட்டோம்" என்றான். அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஹேஸல் மறுபடி பேசியபோது, மண்வெட்டியால் சரளைக்கல்லை வாருவதுபோல் இருந்தது. ஆண்குரல் என்றே எவரும் நினைப்பார்கள்.

அவள் படுத்திருந்த மாதங்களில் எட்னாவை முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். இடம் மாறியதில் அவருக்கு நினைவும் தடுமாறத் தொடங்கியிருந்தது. ஹேஸல் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தான் ஹேஸல்" என்றாள்.

எட்னா கையை உதறினார். "யாருய்யா நீ? என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?"

"ஆபரேஷன் ஆயிடுச்சும்மா. இங்க தொட்டுப் பாரு, என் விரல். ரொட்டி மெஷின்ல வெட்டிக்கிட்டேனே."

எட்னா அந்தத் தழும்பைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவர் முகம் வெளிறியது. "இது அவ கைதான். அவள என்ன பண்ணின?"

ஹேஸல் நேராகக் கேவினிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டு வரி போதும்ப்பா. ரோவன் கூண்டுக்குள்ள இருக்கற நரிகிட்ட சொல்றது. 'பயப்படாத, நான் வந்துட்டேன், உன்ன விட்டு எங்கயும் போகமாட்டேன்.' அத ஒரு டேப்ல போட்டுக் குடு. அம்மா கேக்கட்டும்."

"அதெல்லாம் படக் கம்பெனி சொத்து. நீ இருமினதுகூட அவங்களோடது."

"அது என் குரல்."

"இப்போ ரோவனோடது, செல்லம். கடையில கிடைக்குது, வாங்கிக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவள் வாங்கினாள். கேமை மட்டுமல்ல, அதை ஓட்டும் பெட்டியையும். நான்தான் எந்தப் பொத்தான் எதற்கென்று காட்டிக்கொடுத்தேன். நரியின் கூண்டு, சூனியக்காரியின் அடுப்பைத் தாண்டினால்தான் வரும். ஹேஸல் வீட்டில் உட்கார்ந்து பல நாள் பழகி, கண்ணை மூடிக்கொண்டே அடுப்பைத் தாண்டும் அளவுக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை இல்லத்துக்கு எடுத்துப்போய் அவள் அம்மாவின் அறைத் தொலைக்காட்சியில் மாட்டினோம்.

ரோவன் சூனியக்காரியின் இருட்டுக் குகைக்குள் நுழைந்து, "யாராவது இருக்கீங்களா?" என்றான்.

எட்னா நாற்காலியில் நிமிர்ந்தார். "ஹேஸல்? இருக்கேன்டி. அம்மா இங்கதான் இருக்கேன்."

அதைக் கேட்டதும் ஹேஸல் திரையை விட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பழகியபின் வீட்டில் ஒருமுறைகூடத் தவறாத இடத்தில் பொத்தான் தவறியது. ரோவன் அடுப்பில் விழுந்து எரிந்தான். அந்த அலறலை அப்போதுதான் நான் முதல்முறையாக முழுச் சத்தத்தில் கேட்டேன்.

எட்னா எழுந்து, கைகளை நீட்டி, சத்தம் வந்த பக்கம் தடுமாறினார். "எரியறா. யாராவது போங்க. என் பொண்ணு எரியறா."

"நிறுத்திடு ஹேஸல்" என்றேன்.

"கூண்டு பக்கத்துல வந்துட்டேன். அத மட்டும் கேட்டாப் போதும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடி ரோவன் ஓடினான், மறுபடி எரிந்தான். மூன்றாவது முறை எட்னா மேசையில் இடித்துக் கீழே விழுந்தார். ஓடிவந்த தாதி ஒயரைப் பிடுங்கினாள். அலறல் பாதியில் நின்றது.

தரையில் கிடந்தபடி எட்னா அந்த நிசப்தத்தைக் கேட்டார். "முடிஞ்சிடுச்சு" என்றார்.

அந்தப் பெட்டியை இல்லத்துக்குள் இனிக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஹேஸல் தினமும் போனாள். பேசினால் அம்மா பயப்படுவார் என்று வாயைத் திறக்காமல், விரல் தழும்பை மறைக்கக் கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். யாரோ தாதி என்று எண்ணி எட்னா அவளிடம் தன் மகளின் கதையைச் சொல்வார். "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. குருவி மாதிரிக் குரல். தீயில போயிட்டா. நான் அங்கயே இருந்தும் போகமுடியல." ஹேஸல் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டுவாள். வசந்தம் பிறப்பதற்குள் எட்னா இறந்துபோனார்.

கேம் நன்றாக விற்றது. பத்திரிகைகளில் என் மரங்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. சிறுவனின் அலறல் உடம்பை உலுக்குகிறது என்று எழுதி, படத்தில் நடித்த பையனைப் பாராட்டினார்கள். மூன்றாம் படத்தின் கேமுக்கும் அதே அலறல்களையே வெட்டி ஒட்டினோம். ஹேஸலைக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

சில வருடம் கழித்து மோர்கம் கடற்கரையில், ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் கூடத்தில் அவளைப் பார்த்தேன். யந்திரங்களின் இரைச்சலில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. அவள் என்னை வாசலுக்கு அழைத்து வந்தாள்.

"எப்படி இருக்க ஹேஸல்?"

"இங்க யார் பேசினாலும் யாருக்கும் கேக்காது" என்றாள். "அதான் சேர்ந்தேன்."

உள்ளே யாரோ கையசைத்துக் கூப்பிட்டார்கள். ஈர விரிப்பு நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.